இடி வேறு, ஷெல் வேறு: மின்னல் மழையில் வீடு போய்ச் சேர்வது எப்படி?

2019 செப்டெம்பரில் குப்பிழானில் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேர் மின்னல் தாக்கி இறந்தார்கள். மாரி மழை தொடங்குவதற்கே இன்னும் சில வாரங்கள் இருந்தன. புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஒரு பின்னேர மழையில் மூன்று உயிர் போனது.

இந்தச் செய்தியை வாசித்த பலரைப்போல நானும் அதை விதி என்று ஒதுக்கிவிடப் பார்த்தேன். ஆனால் யாழ்ப்பாண நகரத்தில் வேலை முடித்து வடமராட்சிக்கு நாளாந்தம் பஸ்ஸில் போய்வருகிற எனக்கு, ஐப்பசி, கார்த்திகையில் வல்லை வெளியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு விடயம் கண்ணில் படுகிறது. மின்னல் வெட்டும்போது எங்கள் ஆட்கள் செய்கிற பல காரியங்கள் மின்னலுக்காகப் பழகியவை அல்ல. அவை ஷெல்லுக்காகவும் பொம்பருக்காகவும் பழகியவை. அந்தப் பழக்கங்கள் அன்று எங்களைக் காப்பாற்றின. ஆனால் மின்னலிடம் அவற்றில் பல எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால்தான் இந்தக் கட்டுரை. மின்னல் எப்படித் தாக்குகிறது, நகரத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் எங்கே ஆபத்து, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை, போருக்குள் வளர்ந்த எங்களுக்குப் புரிகிற விதத்தில் சொல்லப் பார்க்கிறேன்.

எப்போது, ஏன் இங்கே?

இலங்கையில் இடிமின்னல் கூடுதலாக வருவது இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட காலங்களில்தான். மார்ச், ஏப்பிரல் ஒரு முறை. ஒக்டோபர், நவம்பர் இன்னொரு முறை. சோளகம் ஓய்ந்து, வாடை இன்னும் பிடிக்காத நாட்களில் காற்று அசையாது. காலையிலிருந்து வெயில் நிலத்தைச் சுடும். இரண்டு பக்கமும் கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று நிலத்தின்மேல் சந்தித்து மேலே எழும். மத்தியானத்துக்குப் பிறகு வன்னிப் பக்கம் கறுத்துக் கட்டும். நாங்கள் வேலை முடித்து, பள்ளிக்கூடம், ரியூசன் முடித்து வெளிக்கிடுகிற நேரமும் அதுதான்.

அப்படி எழும் முகில் சாதாரண முகில் அல்ல. அது 12 கிலோமீற்றருக்கு மேலும் உயரக்கூடியது. கீழே நாங்கள் வியர்வையில் நனைந்துகொண்டு நிற்க, மேலே அந்த முகிலுக்குள் பனிக்கட்டித் துகள்கள் இருக்கும். சிறிய பனித்துகள்களும் பெரிய ஆலங்கட்டி மணிகளும் ஒன்றோடொன்று உரசும்போது மின்னேற்றம் பிரிகிறது. இலேசான துகள்கள் நேரேற்றத்தோடு மேலே போக, பாரமானவை மறையேற்றத்தோடு கீழே தங்குகின்றன. அந்த வித்தியாசம் தாங்கமுடியாத அளவுக்குப் பெருகும்போது மின்னல் பாய்கிறது. மின்னல் போகும் பாதையில் வெப்பம் 30,000 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறும். சூரியனின் மேற்பரப்பை விட ஐந்து மடங்கு. அந்தச் சூட்டில் காற்று சடுதியாக விரிந்து வெடிக்கிற சத்தம்தான் இடி. ஒரு மின்னலில் சாதாரணமாக 30,000 அம்பியர் அளவு மின்னோட்டம் பாயும். எங்கள் வீட்டுப் பிளக் தாங்குவது 13 அம்பியர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. சுண்ணக்கல் தரை தட்டையாகக் கிடக்கிறது. வெளிகளும் தரவைகளும் கடனீரேரிக் கரைகளும் அதிகம். அந்தத் தட்டையான நிலத்தில் உயர்ந்து நிற்பவை பனைகள், தென்னைகள், கோயில் கோபுரங்கள், தொலைபேசிக் கோபுரங்கள். அவற்றுக்கிடையில் வெளியில் ஒரு மனிதன் சைக்கிளில் போனால், அந்த இடத்தில் உயரமான பொருள் அவன்தான்.

மின்னல் கொல்கிற வழிகள்

மின்னல் என்றால் நேரே தலையில் விழுவது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். உண்மையில் பாதிக்கப்படுபவர்களில் நேரடித் தாக்குதலுக்கு ஆளாவோர் மிகச் சிலரே. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். மற்றவர்களை மின்னல் வேறு வழிகளில் தொடுகிறது.

முதலாவது, நிலத்தின் வழியாக. பாதிப்பேர் அளவில் அடிபடுவது இப்படித்தான். மரத்திலோ நிலத்திலோ விழுந்த மின்னல், விழுந்த இடத்தைச் சுற்றி மண்ணில் பரவுகிறது. அருகில் நிற்பவரின் ஒரு காலுக்கும் மற்றக் காலுக்கும் இடையில் மின்னழுத்தம் வேறுபடும். அந்த வித்தியாசத்தில் மின்சாரம் ஒரு காலால் ஏறி மற்றக் காலால் இறங்கும். மரத்தின் கீழ் நின்ற மாடுகள் கூட்டமாகச் செத்துக் கிடக்கிற செய்தி வருவதற்குக் காரணம் இதுதான். மாட்டின் முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடைவெளி அதிகம். இடையில் இருப்பது இதயம்.

இரண்டாவது, பக்கப் பாய்ச்சல். மின்னல் ஒரு மரத்தில் இறங்கும்போது, பக்கத்தில் நிற்கும் மனித உடல் மரத்தை விட மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், மரத்திலிருந்து மனிதருக்குப் பாய்கிறது. அடிபடுபவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இப்படித்தான். மழைக்கு மரத்தடியில் ஒதுங்குபவர்கள் இந்த இரண்டு வழிகளுக்கும் ஒரே நேரத்தில் தங்களைக் கொடுத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, தொடுகை. முட்கம்பி வேலி, உடுப்புக் காயப்போடும் கம்பிக் கொடி, தண்ணீர்க் குழாய், மின்வயர் எங்கோ தாக்கப்பட்டால், மறுமுனையைத் தொட்டுக்கொண்டு நிற்பவருக்கும் அடி விழும்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் காரணம் தானாக விளங்கும்.

போர் பழக்கியதும் மின்னல் கேட்பதும்

ஷெல்லடிக் காலத்தில் எங்களுக்கு உயிர் தந்தது காது. தூரத்தில் குத்துகிற சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்குவோம். விழுவதற்குச் சில வினாடிகள் இருக்கும். அதற்குள் பங்கருக்குள் பாய்ந்துவிட வேண்டும். சத்தம்தான் எச்சரிக்கை, அடி பிறகுதான்.

மின்னலில் அடி முதலில் வந்துவிடும், சத்தம் பிறகு. இடி கேட்டால் அந்த மின்னல் முடிந்துவிட்டது என்று பொருள். ஆனால் எண்ணுகிற பழக்கம் வீண் அல்ல. ஒளியைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர். பதினைந்து வரை எண்ணினால் ஐந்து கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால், அது பத்துக் கிலோமீற்றருக்குள் விழுந்திருக்கிறது. அடுத்தது நீங்கள் நிற்கிற இடத்தில் விழலாம். இன்னும் மழை தொடங்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. முகில் கூட்டத்துக்கு வெளியே, மழையே இல்லாத இடத்திலும் மின்னல் விழும். சுருக்கமாக ஒரு விதி: இடி காதில் கேட்கிற தூரம் என்றால், மின்னல் உங்களைத் தொடக்கூடிய தூரம்.

ஷெல் வந்தால் விழுந்து படு என்பது சின்ன வயதிலேயே எங்கள் உடம்பில் எழுதப்பட்ட கட்டளை. சிதறல்கள் மேல்நோக்கிப் பறப்பதால் நிலத்தோடு கிடப்பவர் தப்புவார். மின்னலிலோ, மண்ணில் பரவும் மின்னோட்டம்தான் பெரிய கொலைகாரன். நீட்டி நிமிர்ந்து படுத்தால் தலைக்கும் காலுக்கும் இடையில் ஐந்து அடிக்கு மேல் தூரம். மாட்டின் கதைதான் உங்களுக்கும். மின்னலுக்கு ஒருபோதும் நிலத்தில் படுக்கக்கூடாது.

கிபிர் வந்தால் மரத்தின் கீழ் ஒதுங்குவோம். மேலிருப்பவனின் கண்ணுக்குத் தெரியக்கூடாது. மின்னலுக்குக் கண் இல்லை. மரம் மறைப்பும் அல்ல; மரம்தான் இலக்கு.

பங்கர் எங்களைக் காப்பாற்றியது. அந்தப் பழக்கத்தில் வாய்க்காலுக்குள்ளோ மதகுக்குக் கீழோ கிடங்குக்குள்ளோ இறங்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரமான குழிக்குள் நிலத்து மின்னோட்டமும் வரும், வெள்ளமும் வரும்.

குண்டுவீச்சுக் காலத்தில் கட்டடம் என்றாலே பயம். ஓடும் வளையும் சுவரும் தலையில் விழும். பாதுகாப்பு என்று நம்பிப் போன இடங்களே சவக்குழியாகின. 1995 ஜூலை 9 இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நினைவு உள்ளவர்களுக்குப் பெரிய சத்தம் கேட்டால் உள்ளே இருக்க மனம் வராது. முற்றத்துக்கு ஓடத்தான் கால் வரும். மின்னலுக்கு இது நேர் எதிர். நாலு சுவரும் கூரையும் வயரிங்கும் தண்ணீர்க் குழாயும் உள்ள கல்வீடுதான் மிகப் பாதுகாப்பான இடம். மின்னல் கட்டடத்தில் விழுந்தாலும் அந்த வயரும் குழாயும் அதை நிலத்துக்குக் கொண்டுபோய்விடும்.

பங்கருக்குள் தாய்மார் பிள்ளைகள் எல்லோரையும் அணைத்துக்கொண்டு இருப்பார்கள். இருந்தால் எல்லோரும் இருப்போம், போனால் எல்லோரும் போவோம் என்பார்கள். வீட்டுக்குள் இருக்கும்போது பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் வெளியில் அகப்பட்டுக்கொண்டால், கூட்டமாக நிற்கக்கூடாது. ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நகர வேண்டும். ஒருவருக்கு அடிபட்டால் அவரைக் காப்பாற்ற மற்றவர் இருக்க வேண்டும் என்பதற்காக.

ஒரேயொரு பழக்கம் மட்டும் இரண்டுக்கும் பொருந்தும். ஷெல்லடி ஓய்ந்தவுடனே வெளியில் ஓடாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஓய்ந்தது என்று பங்கரை விட்டு வந்தவர்களைத்தான் அடுத்த ஷெல் பிடித்தது. மின்னலும் அப்படித்தான். மழை குறைந்துவிட்டது, இடி தூரப் போய்விட்டது என்று தோட்டத்துக்கும் சைக்கிளுக்கும் திரும்புகிற நேரத்தில் பலர் அடிபடுகிறார்கள். கடைசி இடி கேட்ட பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இடையில் ஓர் இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

நகரத்திலிருந்து வெளிக்கிடும்போது

யாழ் நகரத்துக்குள் நிற்கும்வரை ஆபத்துக் குறைவு. ஆஸ்பத்திரி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் ஒதுங்கக் கடைகள் இருக்கின்றன. சந்தேகமாக இருந்தால் வெளிக்கிடாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. இடி முகில் ஒன்று ஓர் இடத்தின்மேல் நிற்பது பெரும்பாலும் ஒரு மணித்தியாலம் அளவுதான். அந்த நேரம் ஒரு கடைக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் எங்களில் பலருக்கு அது இலேசான முடிவு அல்ல. இருட்டினால் ஊர்ப் பக்கம் போகும் பஸ் குறைந்துவிடும். வீட்டில் பிள்ளைகள் தனியே, வயோதிபர் தனியே. அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் அவசரப்படுகிறார்கள்.

அவசரப்படுகிறவர்கள் தங்கள் பாதையில் ஒதுங்க இடமில்லாத துண்டு எது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். பருத்தித்துறை வீதியால் போகிறவர்களுக்கு அது வல்லை வெளி. கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் வரை இரண்டு பக்கமும் வீடு, கடை, கோயில். அதற்குப் பிறகு வெறும் வெளியும் தொண்டைமானாறு நீரேரியும்தான். மோட்டார் சைக்கிளில் போகிறவர் ஆவரங்காலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பாலத்தில் நின்று முடிவெடுக்க முடியாது. கண்டி வீதியால் தென்மராட்சி போகிறவர்களுக்கு அரியாலைக்கும் நாவற்குழிப் பாலத்துக்கும் இடைப்பட்ட பகுதி அப்படியானது. செம்மணி வெளியும் கோப்பாய் கைதடி வெளியும் அதே வகை. 1995 ஒக்டோபர் 30 இரவு மழைக்குள் இலட்சக்கணக்கானோர் நடந்த பாதைகள் இவை. ஒதுங்க இடமில்லாத பாதை என்றால் என்ன என்பது அன்று நடந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தீவகத்துக்குப் போகிறவர்களுக்குப் பண்ணைத் தாம்போதி; அதைத் தாண்டினால் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலுள்ள தாம்போதி. காரைநகருக்குப் பொன்னாலைப் பாலம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நீங்கள். இடி கேட்கும்போது சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ இவற்றில் ஏறவே கூடாது. குறிகாட்டுவானில் படகுக்கு நிற்பவர்களும் அப்படித்தான். திறந்த படகில், தண்ணீரின் நடுவில் இருப்பதைவிட மோசமான இடம் மின்னலுக்கு இல்லை.

எந்த வாகனம்?

பஸ் நல்லது. மூடிய உலோகப் பெட்டி என்பதால் மின்சாரம் வெளித் தகட்டினூடாகவே ஓடி நிலத்தில் இறங்கிவிடும். கார், வான், மினிபஸ், ரயில் எல்லாம் இதே மாதிரித்தான். கண்ணாடிகளை மூடிவிட்டு, கம்பியைப் பிடிக்காமல் இருக்க வேண்டும். ரப்பர் ரயர் காப்பாற்றுகிறது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. முகிலிலிருந்து கிலோமீற்றர் கணக்கில் காற்றைக் கிழித்து வருகிற மின்சாரத்துக்கு ரயரின் சில அங்குலம் ஒரு பொருட்டே இல்லை. அதே காரணத்தால் றப்பர் செருப்பும் காப்பாற்றாது.

ஓட்டோவுக்குத் துணிக்கூரை, பக்கங்கள் திறந்தவை. அதை மூடிய வாகனமாகக் கணக்கெடுக்கக்கூடாது. சைக்கிள், மோட்டார் சைக்கிள், லான்ட்மாஸ்டர், உழவு இயந்திரப் பெட்டி, திறந்த லொறி எதுவும் பாதுகாப்பில்லை. மழைக்கோட்டும் ஹெல்மெற்றும் மழைக்கும் விபத்துக்கும்தான். கைத்தொலைபேசி மின்னலை இழுக்காது. வெளியில் நின்றுகொண்டு குடையை உயர்த்திப் பிடிப்பதுதான் தவறு.

இடையில் அகப்பட்டுவிட்டால்? அருகிலுள்ள வீட்டின் படலையைத் தட்டுங்கள். எங்கள் ஊரில் மழைக்கு ஒதுங்க வந்தவரைத் திருப்பி அனுப்புகிற வீடு இல்லை. பள்ளிக்கூடக் கட்டடம், தேவாலயம், சுவர் அடைத்த கோயில் மண்டபம் நல்லவை. கோயில் வாசலிலுள்ள அரசமரமும் ஆலமரமும் கூடாது. தோட்டக் கொட்டில், மாட்டுக் கொட்டில், திறந்த பஸ் தரிப்பிடம் என்பவை மழைக்குத்தான் உதவும், மின்னலுக்கு உதவா. ஒன்றுமே இல்லாத வெளியில் என்றால், நிற்காமல் கட்டடம் உள்ள பக்கம் விரைவாகப் போய்க்கொண்டிருங்கள். தனி மரத்தையும் மின்கம்பத்தையும் முட்கம்பி வேலியையும் விட்டு விலகுங்கள். இரண்டு பாதங்களையும் சேர்த்துக் குந்தியிருப்பது கடைசிக்கும் கடைசி வழி. அது ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே தவிரப் பாதுகாப்புத் தராது.

தண்ணீரும் வயரும் கிணறும்

மின்னல் போன பிறகும் பாதை பாதையாக இருக்காது. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறுதான் உண்டு. மழைநீர் குளங்களுக்கும் கடலுக்கும் போக வாய்க்கால்களைத்தான் நம்பியிருக்கிறது. குளம் தூர்ந்து, வாய்க்கால் குப்பையால் அடைபட்ட இடங்களில் ஒரு மணித்தியால மழைக்கே வீதி மறைந்துவிடும். வீதியும் வாய்க்காலும் ஒரே மட்டத்தில் தண்ணீராகத் தெரியும்போது, சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியின் நடுப்பக்கமாக நடப்பதே நல்லது.

அறுந்து கிடக்கும் மின்வயருக்குக் கிட்டப் போக வேண்டாம். தண்ணீரில் கிடந்தால் இன்னும் தூர விலகுங்கள். மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

இடம்பெயர்ந்தவர்கள் இன்னும் திரும்பாத காணிகளில் கட்டில்லாத கிணறுகள் பற்றைக்குள் கிடக்கின்றன. வெள்ளம் மூடினால் கிணறு எது, தரை எது என்று தெரியாது. இருட்டில் குறுக்குப் பாதையாக ஆளில்லாக் காணிக்குள் இறங்காதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. பளை, முகமாலைப் பக்கம் போலப் போர் முன்னரங்காக இருந்த இடங்களில், கனமழை மண்ணை அரித்துப் புதைந்திருந்த வெடிபொருட்களை வெளியே கொண்டுவரும். மழைக்குப் பின் புதிதாக எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, 119 க்கோ கிராம உத்தியோகத்தருக்கோ சொல்லுங்கள்.

வீட்டுக்குள் வந்த பிறகு

வீட்டுக்கு வந்தவுடன் எல்லாம் முடிந்துவிடவில்லை. தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டியின் பிளக்குகளை இடி தொடங்கும் முன்னரே கழற்ற வேண்டும். மின்னல் வெட்டிக்கொண்டிருக்கும்போது கழற்றப் போவது ஆபத்து. சார்ஜில் போட்ட தொலைபேசியிலும் வயர்த் தொலைபேசியிலும் பேச வேண்டாம். குளிப்பது, பாத்திரம் கழுவுவது பிறகு. கிணற்றடிக்குப் போகக்கூடாது. வாசற்படியிலோ விறாந்தையிலோ நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது. கம்பிக் கொடியில் நனையும் உடுப்பை எடுக்க ஓடுவது எங்கள் வீடுகளில் பெண்கள் தினமும் செய்கிற காரியம். அந்த உடுப்பு நனையட்டும்.

மீள்குடியேறிய பல குடும்பங்கள் இன்னும் தகரக் கொட்டிலில் இருக்கின்றன. வயரிங்கோ நில இணைப்போ இல்லாத கொட்டில் பாதுகாப்பான இடம் அல்ல. கல்வீட்டு அயலவரோ பொதுநோக்கு மண்டபமோ பள்ளிக்கூடமோ அருகில் இருந்தால், முகில் கறுக்கும்போதே பிள்ளைகளை அங்கே கொண்டுபோவது நல்லது. இதை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே யோசிப்பதைவிட, கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கலாம்.

அடிபட்டவரைத் தொடலாம்

மின்னல் பட்டவரைத் தொட்டால் தங்களுக்கும் அடிக்கும் என்று ஆட்கள் விலகி நிற்பதால் உயிர்கள் போகின்றன. மின்னல் பட்ட உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. உடனே தொடலாம். மின்னலில் அடிபடுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் உயிர் தப்புகிறார்கள். இறப்பவர்கள் பெரும்பாலும் இதயமோ மூச்சோ நின்றுபோவதால் இறக்கிறார்கள். மூச்சு இல்லை என்றால் தாமதிக்காமல் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அமத்த வேண்டும். தெரிந்தவர்கள் வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்க வேண்டும். சில வேளைகளில் இதயம் தானாக மறுபடி துடிக்கத் தொடங்கும், ஆனால் மூச்சு திரும்பத் தாமதமாகும். அந்த இடைவெளியில் உதவி கிடைத்தால் ஆள் பிழைப்பார். பலர் விழுந்து கிடந்தால், முனகுகிறவரை விட்டு, அசையாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம். வடக்கில் 2018 முதல் ஓடுகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

சத்தமும் மனமும்

கடந்த மாரியில் ஒரு பின்னேரம் புத்தூர் தாண்டும்போது பஸ்ஸுக்கு மேலே இடித்தது. முன் இருக்கையில் இருந்த வயதான அம்மா ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சீற்றுக்குக் கீழே குனிந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் அவருடைய முதுகில் கைவைத்து, "இடி அம்மா, இடிதான்" என்று மட்டும் சொன்னார்.

போர் முடிந்து எத்தனை வருடமானாலும் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது பைத்தியமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் பல்லாண்டுகளாக எழுதிவரும் போர் மனவடுவின் ஒரு முகம் இது. ஆபத்தை முந்திக்கொண்டு உணரப் பழகிய மூளை, பழைய சத்தத்துக்கு நிகரான சத்தம் கேட்டவுடன் யோசிக்காமலே பழைய கட்டளையைக் கொடுக்கிறது. அந்தக் கட்டளையால்தான் ஒருவர் வெளியில் ஓடுகிறார், இன்னொருவர் நிலத்தில் விழுகிறார்.

பழைய ஆட்கள் இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார்கள். ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லும்போது மூச்சு சீராகும். அதில் நன்மை இருக்கிறது. அதேபோல் எண்ணுவதும் உதவும். ஒளி முதலில் வந்ததா? அப்படியென்றால் இது ஷெல் இல்லை. எண்ணுங்கள். ஐந்து, ஆறு, ஏழு. இடி. இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால். எண்ணிக்கை தூரத்தையும் சொல்கிறது, மனதை இன்றைய நாளுக்கும் கொண்டுவருகிறது. இடி போன பிறகும் நித்திரை வராமல், நடுக்கம் நிற்காமல் இருந்தால் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற இலக்கத்தில் உளநல உதவிச் சேவையுடன் பேசலாம்.

2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் குத்துகிற சத்தம் தெரியாது. அவர்கள் ஷெல்லைக் காணவில்லை, எங்களைத்தான் காண்கிறார்கள். இடிக்கும்போது நாங்கள் எங்கே ஓடுகிறோம், எப்படி விழுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். ரியூசனுக்குச் சைக்கிளில் போகிற பிள்ளைக்கு மூன்று வசனம் சொல்லிக்கொடுங்கள்: இடி கேட்டால் கட்டடத்துக்குள் போ. மரத்தடியில் நிற்காதே, நிலத்தில் படுக்காதே. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்து வெளிக்கிடு, பிந்தி வந்தால் வீட்டில் ஏச மாட்டோம். மூன்றாவது வசனத்தின் கடைசிப் பகுதியைப் பெற்றோர் காப்பாற்றினால்தான் மற்ற இரண்டும் நடக்கும்.